சேர்மனின் சைலன்சர்

முக்குயு சந்தியில் வாடகைக்கு ஆள் ஏற்றும் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அறுபத்து மூன்று பேர். அதில் அறுபத்திரண்டு பேர் வண்டி ஓட்டினார்கள். புரோட்டஸ் கயெம்பா அவர்கள் சங்கத்துக்குச் சேர்மனாக இருந்தார்.

அவருடைய மஞ்சள் சட்டையின் முதுகில் ‘சேர்மன்’ என்று பெரிதாக அச்சடித்திருந்தது. முதுகில் இருந்தால் எதிரே வருகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்து, நெஞ்சிலும் ஒரு தடவை அச்சடித்துக்கொண்டார். நெஞ்சையும் முதுகையும் பார்க்கக் கொடுத்துவைக்காதவர்களுக்காகத்தான் அந்த சைலன்சர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்டொரெட் நகரம் வரை போய் வாங்கி வந்தது அது. பெயர்தான் சைலன்சர். உள்ளே ஒன்றும் கிடையாது. இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். முறுக்கினால் தகரக் கூரையைக் காளை மாடு கல்பாதையில் இழுத்துக்கொண்டு ஓடுவதுபோலக் கேட்கும். முறுக்கிய வேகத்தில் சாவியை ஒரு நொடி அணைத்துப் போட்டால் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். கம்பெனி கொடுத்த பழைய சைலன்சரை இனி என்னத்துக்கு என்று சந்தியில் ஓட்டும் சிடாடியிடம் தள்ளிவிட்டார். அதை மாட்டிக்கொண்டு சிடாடி பூனை மாதிரிப் போய் வந்துகொண்டிருந்தான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் சேர்மனுக்கு இரக்கமாக இருக்கும்.

சத்தத்தோடு திரிந்தாலும் மரியாதை தெரிந்த மனுஷன் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஓர் எண்ணம். அதற்குக் காரணமும் வைத்திருந்தார். இந்தப் பக்கத்தில் மருமகனும் மாமியாரும் வழியில் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதில்லை. தூரத்தில் ஆள் தெரிந்தால் அவள் மக்காச்சோளத்துக்குள் இறங்கிவிடுவாள், அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுவான். பகை கிடையாது, மரியாதை. அவருடைய மாமியார் நபலாயோ ஓடைக்கு அந்தப் பக்கத்து மேட்டில்தான் இருந்தாள். அந்த வழியில் நாளுக்கு நாலு தடவை போய்வருகிற மனுஷன், இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட அவள் முகத்தில் விழித்ததில்லை. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவளைப் பற்றி அவர் கண்டதெல்லாம் சோளத்துக்குள் மறைகிற ஒரு பூப்போட்ட துணி முனை மட்டும். “வளர்ப்பு அப்படி” என்று சந்தியில் சொல்லிக்கொள்வார்.

வினை ஒரு சனிக்கிழமை அடக்கத்தில் வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் முகானா இறந்துபோனார். சவ வண்டிக்கு முன்னால் நாற்பது மோட்டார் சைக்கிள்கள் போயின. நாற்பதுக்கும் முன்னால் சேர்மன். குழிக்கரையில் பந்தல், நாற்காலி, வெள்ளைத் துணி விரித்த மேஜை, மேஜைக்குப் பின்னால் மாவட்ட ஆணையர் ஐயா, ஐயாவுக்குப் பின்னால் துப்பாக்கியோடு காவலர். நிகழ்ச்சி நிரல் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். பாட்டுக்கு நேரம் இருந்தது, பேச்சுக்கு நேரம் இருந்தது, பேரப்பிள்ளைகள் அழுவதற்குக்கூட நேரம் இருந்தது. சேர்மன் தன் சைலன்சரால் போட நினைத்திருந்த மூன்று வெடி மரியாதைக்கு நேரமே இல்லை. தேடித் தேடிப் பார்த்தார். கடைசியில் ‘ஒரு நிமிட மௌனம்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அந்த நேரத்தில் யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை, சும்மாதான் இருக்கப்போகிறார்கள் என்று அவருக்குப் பட்டது.

முதல் வெடிக்கே பந்தலில் பாதிப் பேர் தரையில் படுத்துவிட்டார்கள். இரண்டாவதுக்குக் கட்டிப்போட்டிருந்த மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு பாடகர் குழுவுக்குள் புகுந்தது. மூன்றாவதுக்கு ஆணையர் ஐயா மேஜைக்கு அடியில் இருந்தார். ஐயாவுக்கு மேல் காவலர் இருந்தார். இருவருக்கும் நடுவில், யாரும் அணைக்க நினைக்காத ஒலிவாங்கியும் இருந்தது. நான்கு ஒலிபெருக்கியிலும் ஐயாவின் குரல் தெளிவாக வந்தது: “அம்மா… அம்மா…”

ஐயாவின் அம்மா இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

திங்கட்கிழமை ஆணையர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியை அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும். வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குக் கேட்டால், மஞ்சள் சட்டையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு நடந்து போகலாம். இரண்டு அலுவலகங்களுக்கிடையே பேச்சுவார்த்தை நடக்கிறது என்று சேர்மன் சந்தியில் அறிவித்தார். இரண்டாவது அலுவலகம் எது என்று யாரும் கேட்கவில்லை. சிடாடி மட்டும் தன் சைலன்சரை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அதைத் திருப்பிக் கேட்பதைவிட உயிரை விடலாம். வெல்டிங் பட்டறைக்கும் போக முடியாது. பட்டறை சந்திக்கு நேர் எதிரே, பட்டறைக்கார முலொங்கோவுக்கு ஓட்டை வாய். ஆகவே புதன்கிழமை மதியம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த சேர்மன், வண்டியை நடுவீட்டுக்குள் தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ரேடியோவைச் சத்தமாக வைத்தார். சோபாக்கள் எல்லாவற்றின் மேலும் மனைவி நெலிமா பின்னிய வெள்ளை நூல் விரிப்புகள். சுவரில் மஞ்சள் சட்டையோடு அவருடைய பெரிய படம். அதற்கும் ஒரு விரிப்பு.

முதலில் பாத்திரம் தேய்க்கிற கம்பிச் சுருள் ஆறை நெலிமாவின் அலமாரியிலிருந்து எடுத்து, குழாய்க்குள் குச்சியால் இடித்து அடைத்தார். வண்டியை உதைத்தார். ‘தொப்’ என்று ஒரு சத்தம். ஆறு சுருளும் ஒன்றாகத் திரண்டு, ஓரத்தில் நெருப்புப் பிடித்து, கோழிக்குஞ்சு பறப்பதுபோல நடுவீட்டைக் கடந்து போய் அவருடைய படத்துக்குப் போட்ட விரிப்பில் உட்கார்ந்தது.

நெலிமா சமையல்கட்டிலிருந்து வந்து, தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுக் கேட்டாள். “லினெட் அப்பா, காய்ச்சல் உங்களுக்கா வண்டிக்கா?”

கருகிய விரிப்பை அவர் படத்திலிருந்து உருவி எடுத்தார்.

“அத்தனையும் உள்ள அடைச்சா வண்டி எப்படி மூச்சு விடும்? நடுவுல வழி விடணும். புகைபோக்கிக்குள்ள சாக்கையா திணிப்பாங்க?”

சொல்லிவிட்டு அவள் மாவு கிண்டப் போய்விட்டாள். அவள் சொன்னது சரிதான் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நடுவில் ஒரு சின்னக் குழாய் வேண்டும். அதில் வெட்டுகள் வேண்டும். அதைச் சுற்றிக் கம்பி நார் வேண்டும். குழாய்க்கு எங்கே போவது? எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கோழிக்கூட்டுக்குப் பின்னால் போனார்.

அங்கே சாக்கு போர்த்தி ஒரு சைக்கிள் கிடந்தது. மோட்டார் சைக்கிள்கள் வருவதற்கு முன்னால் அவர் ஒன்பது வருஷம் அதைத்தான் ஓட்டினார். பின்கேரியரில் சிவப்பு மெத்தை, கைப்பிடியில் பெரிய மணி, சவாரிக்கு ஒரு ஆள். மேட்டில் ஆளை இறக்கிவிட்டுத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கால்சட்டையில் எப்போதும் சங்கிலி எண்ணெய். சேர்மன் ஆனபிறகு அந்த ஒன்பது வருஷத்தை யாரிடமும் சொன்னதில்லை. எடுத்த எடுப்பில் மோட்டார் சைக்கிள் என்றுதான் அவருடைய வரலாறு தொடங்கும்.

சைக்கிளின் சீட்டைத் தாங்கும் குழாயை உருவினார். ரேடியோவில் தேவாலயப் பாட்டு ஏறும்போது ஆக்சா பிளேடால் அறுத்து, பாட்டு இறங்கும்போது நிறுத்தினார். பாட்டு முடிவதற்குள் பன்னிரண்டு வெட்டு. ஒரு முனையைச் சுத்தியால் அடித்து மூடி, எரியாமல் மிச்சமிருந்த கம்பி நாரைச் சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கி, சைலன்சருக்குள் செருகி, இருந்த ஓட்டையிலேயே ஒரு போல்ட்டு போட்டு முடுக்கினார். கையில் மூன்று இடத்தில் இரத்தம். வண்டியை உதைத்தார். ஒன்றும் நடக்கவில்லை என்று மறுபடி உதைக்கப் போனவர், கைப்பிடி நடுங்குவதைப் பார்த்தார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். சந்திப் பக்கம் போனால் பார்த்துவிடுவார்கள். ஓடைப் பாதை வழியாகப் போனார்.

அந்தப் பாதையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் இருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். புறா கத்தியது. அவருடைய வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு நாளாகிறது என்பதும் தெரிந்தது. கால் கிலோமீட்டர் போவதற்குள் வெட்கம் போய்ப் பழைய நெஞ்சு திரும்ப நிமிர்ந்துவிட்டது. இதைப் புது ரக இயந்திரம் என்று சொல்லிவிடலாம். வெளிநாட்டில் பெரிய ஆட்களெல்லாம் சத்தமில்லாத வண்டியில்தான் போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். சந்தியில் என்ன தோரணையில் நின்று அதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வளைவில் திரும்பினார்.

பாதையில் ஐந்து பெண்கள். சோளத்துக்குக் களையெடுத்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் வரப்பில் உட்கார்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஐந்தாவது பெண் அவருக்கு முதுகைக் காட்டி, மண்வெட்டியின் மேல் குதிரை ஏறியிருந்தாள். பிடியை முறுக்கினாள். நெஞ்சை நிமிர்த்தி, இடதும் வலதும் தலையாட்டி, கண்ணுக்குத் தெரியாத ஜனங்களுக்கு வணக்கம் வாங்கினாள். கன்னத்தை உப்பி “டர்ர்ர்ர்” என்றாள். பிறகு “டமார்” என்றாள். உடனே முழங்காலில் விழுந்து, தலைமேல் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, “அம்மா… அம்மா…” என்றாள். எழுந்து மறுபடி சேர்மன் ஆனாள்.

கயெம்பாவுக்கு அந்தப் பூப்போட்ட துணியின் முனை தெரிந்தது.

பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வண்டி தன்பாட்டுக்கு ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. வரப்பில் இருந்தவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது.

“என்ன, அதுக்குள்ள நிறுத்திட்டீங்க?” என்றாள் நபலாயோ. “சேர்மன் இன்னும் வண்டிய விட்டே இறங்கல.”

திரும்பினாள்.

பதினாலு வருஷம். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது, மகள் லினெட்டுக்கு இருப்பது போலவே. இது எங்கிருந்து வந்தது என்று அவர் பல தடவை யோசித்திருக்கிறார். உப்பிய கன்னத்தில் இன்னும் காற்று இருந்தது. அது மெல்ல இறங்குவதையும் அவர் பார்த்தார். பார்க்கக் கூடாது என்பது அதன்பிறகுதான் நினைவுக்கு வந்தது. மரியாதை தெரிந்த மனுஷன். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கைப்பிடியில் இருந்த கை அதே இரண்டுதான்.

வண்டி இடப்பக்கம் வாய்க்கால் சேற்றில் சாய்ந்தது. அவர் அதற்குக் கொஞ்சம் முன்னால் போய் விழுந்தார். மாமியார் துணியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு வலப்பக்கம் சோளத்துக்குள் பாய்ந்தாள். அங்கே பள்ளம் இருந்தது. அவளும் விழுந்தது காதில் கேட்டது. எழுந்தால் மறுபடி பார்க்க நேரிடும் என்று அவர் குப்புறவே கிடந்தார். வரப்பில் இருந்தவர்களுக்கோ சிரிக்கவும் முடியவில்லை, தூக்கிவிடவும் முடியவில்லை. கொஞ்சம் கழித்து அவர்களில் ஒருத்தி மரியாதையாகச் சொன்னாள்.

“சேர்மன், வண்டி இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு.”

வீடு வந்து சேருவதற்குள் செய்தி வந்திருந்தது. நெலிமா சட்டையை வாங்கி ஊறவைத்தாள். மாமியார் கேலி செய்தாளே என்று கோபம் வருமா என்று காத்திருந்து பார்த்தார். வரவில்லை. அவள் செய்து காட்டியது அத்தனை அச்சாக இருந்தது. அப்படித்தான் தலையாட்டுகிறோமா என்று கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். அப்படித்தான்.

முகம் பார்த்த குற்றத்துக்குப் போர்வையும் கோழியும் கொடுத்துவிட வேண்டும் என்பது முறை. வியாழக்கிழமை நெலிமா எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து வெகுநேரம் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

“போர்வையையும் கோழியையும் வாங்கிக்கிட்டாங்க. ஆனா அம்மா வீட்ட விட்டு இறங்க மாட்டேங்கறாங்க. இன்னிக்குத் தண்ணிக்கும் போகல.”

“கோபமா?”

“வெட்கம். அதோட பயம். ரெண்டு வருஷமா உங்க வண்டிச் சத்தம்தான் அவங்களுக்குக் கண்ணு. ரெண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் நீங்க கெளம்பும்போதே கேட்டுரும். சுமைய எறக்கி வெச்சிட்டு, நிதானமா சோளத்துக்குள்ள போய் நிப்பாங்களாம், நீங்க போற வரைக்கும். இப்ப எந்த வளைவுல எப்ப வருவீங்கன்னு எப்படித் தெரியும்?”

அவர் தரையைப் பார்த்தார். பதினாலு வருஷ மரியாதையில் கடைசி இரண்டு வருஷம் யாருடையது என்று தெரிந்துபோயிற்று. அதற்கு முந்திய வருஷங்களிலாவது தான் எத்தனை தடவை முதலில் முகத்தைத் திருப்பியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தார். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

“ஹார்ன் அடிக்கிறேன்” என்றார்.

“மாமியாருக்கு ஹார்ன் அடிச்சு வழிய விடுன்னு சொல்லுவீங்களா? அதுவும் இல்லாம, அறுபத்து மூணு வண்டிக்கும் ஒரே ஹார்ன். நாள் முழுக்க சோளத்துக்குள்ளயே நிக்கணும்.”

வெள்ளிக்கிழமை ஆணையர் ஐயா அலுவலக வாசலுக்கு வந்து, வண்டியை இயக்கச் சொன்னார். கயெம்பா இயக்கினார். “இயக்கு” என்றார் ஐயா. “ஓடுதுங்க ஐயா” என்றார் கயெம்பா. ஐயா குனிந்து, சைலன்சருக்குக் காதைக் கொடுத்து, திருப்தியானார். சட்டை தப்பியது. உள்ளே போகப் போனவர் நின்று, குரலைத் தாழ்த்தி, அன்றைக்கு ஒலிபெருக்கியில் ஏதாவது கேட்டதா என்று விசாரித்தார். ஒன்றும் கேட்கவில்லை என்றார் கயெம்பா. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிரிந்தார்கள். மாமியாரும் மருமகனும்கூட அவ்வளவு சுத்தமாகப் பிரிய முடியாது.

வீட்டுக்கு வந்தால் மேஜைமேல், எரிந்து கருகிய விரிப்பின்மேல், ஒரு மணி இருந்தது. சைக்கிள் மணி. நெலிமா சாம்பல் போட்டுத் துலக்கியிருந்தாள்.

“இந்த ஊர்ல இப்ப யாரும் இதை அடிக்கிறதில்ல” என்றாள். “இந்தச் சத்தம் கேட்டா நீங்கதான்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். நாளைக்குச் சந்தை. அம்மா பீன்ஸ் மூட்டையக் கட்டி வெச்சிருக்காங்க. போகலன்னா புழு வெச்சிரும்.”

“சந்தியில என்ன சொல்லுவாங்க தெரியுமா?”

“தெரியும்” என்றாள்.

போல்ட்டைக் கழற்றிக் குழாயை உருவிவிடலாம். மாமியாருக்குக் கண் திரும்ப வரும், மஞ்சள் சட்டை போகும். ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம்; சட்டை இருக்கும், அந்த மனுஷி வீட்டுக்குள்ளேயே கிடப்பாள். கயெம்பா ராத்திரி சாப்பாடு வரை அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். விடிந்ததும் ஸ்பேனரை எடுத்து, மணியைக் கைப்பிடியில் மாட்டினார்.

பெட்ரோலுக்குச் சந்தி வழியாகத்தான் போக வேண்டும். அடிக்க வேண்டாம் என்றுதான் இருந்தார். ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது தானாகவே அடித்துக்கொண்டது. அறுபத்திரண்டு தலையும் திரும்பியது. முலொங்கோ வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

“சேர்மன்” என்றான் சிடாடி, “செவப்பு மெத்தை எங்க?”

கயெம்பாவுக்குக் காது சூடானது. மெத்தையைப் பற்றி இவனுக்கு எப்படித் தெரியும்?

“எங்க அம்மாவ பிரசவத்துக்கு அதுலதான ஏத்திக்கிட்டுப் போனீங்க” என்றான் சிடாடி. “மேட்டுல எறக்கிவிட்டு நடக்க வெச்சீங்கன்னு இன்னும் சொல்லும்.”

மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மணியை நினைவு வைத்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். சங்கிலியில் கால்சட்டை மாட்டிச் சந்தை நடுவில் விழுந்ததை இரண்டு பேர். எல்லோருக்கும் எப்போதும் தெரிந்திருக்கிறது. அவர் வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். பெட்ரோல் போடுகிற நேரம் முழுக்க அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். நெஞ்சில் அச்சடித்த எழுத்தை மறைக்க முழங்கையை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஓடைப் பாதையில் வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார். கட்டைவிரலால் மணியை இரண்டு தடவை அடித்தார். காத்திருந்தார். இடப்பக்கம் சோளத்துக்குள் எதையோ இறக்கி வைக்கிற சத்தம், இலைகள் சரசரக்கிற சத்தம். பிறகு ஒரு இருமல். நான் விலகிவிட்டேன், வா என்கிற இருமல். கயெம்பா முகத்தை வலப்பக்கம் முழுக்கத் திருப்பிக்கொண்டு, நிதானமாக, சேற்றுப் பள்ளத்தையும் தாண்டிப் போனார். பாதையோரம் பீன்ஸ் மூட்டை இருந்திருக்கும். பார்க்கவில்லை.

பத்தடி போயிருப்பார். பின்னால் சோளத்துக்குள்ளிருந்து, நாக்கை மேலண்ணத்தில் தட்டி, மிக மெதுவாக ஒரு குரல்: “ட்ரிங், ட்ரிங்.” தொடர்ந்து, துணியை வாயில் அடைத்துக்கொண்டு யாரோ இரண்டு பேர் சிரிக்கிற மூச்சு.

வண்டியின் பழைய சத்தம் இருந்தால் கேட்டிருக்காது. இப்போது ஒவ்வொரு மூச்சும் கேட்டது. திரும்பிப் பார்க்கவும் முடியாது, மருமகன். கயெம்பா கழுத்தைத் திருப்பியது திருப்பியபடியே வைத்துக்கொண்டு, அடுத்த வளைவு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே போனார்.